வராமலே விடைபெற்ற ஊர்

சுவாசப்பை இரண்டும் பழுதாகிப்போன ஒருவரின் வீட்டுக்குப் போய், அவருடைய தொடைத் தசையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கும் முதல் நாளில், உங்களுக்குத் தலை சரியில்லை என்றுதான் அந்த வீடு நினைக்கும். நினைக்கட்டும். இயன்மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் முதலில் சொல்லக்கூடியது இதுதான்: பைத்தியமாகத் தெரிவதற்கு வெட்கப்படாதீர்கள்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய கையோடு ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள். ஓய்வு என்பது என் உடம்புக்கு அளவெடுக்காமல் தைத்த சட்டை. ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன். கழற்றி வைத்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். காற்று ஓரிடத்தில் நின்றால் அதற்குக் காற்றென்று பெயரில்லை; நானும் அப்படித்தான். முழங்காலை எத்தனை பாகை மடக்குவது, காலில் எவ்வளவு பாரம் கட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் படிப்பித்திருப்பார்கள். அதை நான் தொடப்போவதில்லை. வகுப்பில் யாரும் படிப்பிக்காத ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

கரவெட்டியில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு நேரான ஒழுங்கை, ஒரு வண்டில் போகும் அகலம். அதன் கடைசித் தொங்கலில் யோகாக்காவின் வீடு. அவருடைய சுவாசப்பைகள் காய்ந்த பீர்க்கங்கூடு மாதிரி இறுகிப்போயிருந்தன. ஏன் இறுகின என்று ஒரு டொக்டராலும் சொல்ல முடியவில்லை. மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கும் ஒட்சிசன் மெசின். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில், மாற்றுச் சுவாசப்பைக்குக் காத்திருப்போரின் வரிசையில் அவருடைய பெயரும் இருந்தது. அந்த வரிசையில் நிற்பதற்கு ஒரு நிபந்தனை. கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்ப வேண்டும். ஆறு நிமிடம் தன் காலில் நடக்க வேண்டும். கால் விட்டுவிட்டால் பெயரும் போய்விடும். பெயர் போனால் யோகாக்காவும் போய்விடுவார். அந்த வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

முதல் நாள் யோகாக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, மாத்தப்போறது சுவாசப்பையை. நீர் என்னெண்டால் காலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்."

"கால் பலமில்லாட்டி சுவாசப்பை தரமாட்டினமாம் அக்கா."

"ஏன், அதை வாங்கிக்கொண்டு நான் நடந்தே வரப்போறன்? பிளேனிலைதானே வாறது?"

பலவீனமான கால் பசித்த குழந்தை மாதிரி, ஓர் அடி வைக்கவே காற்றுக் கேட்டு அழும். பலமான கால் கொஞ்சக் காற்றோடு வேலையை முடித்துவிடும் என்று விளங்கப்படுத்தினேன். அவர் மரியாதையாகக் கேட்டார். அதைவிட மரியாதையாகத் தேத்தண்ணி தரச் சொன்னார். விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு, காலையும் மாலையும் அதில் இருந்து இருந்து எழும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது கதிரையில் ஒரு சுளகு நிறைய மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

"பயிற்சி செய்தனீங்களோ?"

"செய்தனான்."

"கதிரையிலை மிளகாய் கிடக்கு."

"மிளகாயை இறக்கி வைச்சிட்டுச் செய்தனான். பிறகு ஏத்தி வைச்சனான். அதுவும் பயிற்சிதானே?"

அவருடைய கணவர் நீர்ப்பாசனப் பகுதியில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்குப் பெயரே ஓவசியர்தான். மனைவிக்குப் பின்னால் நின்று, 'செய்யவில்லை' என்று கண்ணால் எனக்குச் சாடை காட்டினார். அதை யோகாக்கா திரும்பாமலே கண்டுபிடித்து, "இஞ்சேருங்கோ, கண்ணை என்ன செய்யுது?" என்று கேட்டார்.

இப்படியே கொஞ்ச நாள் போனது. அவருடைய தொடைகள் கயிறு கழன்ற கட்டில் மாதிரித் தொய்ந்துகொண்டே வந்தன.

அந்த வீட்டுக்கு நலம் விசாரித்து வருத்தம் பார்க்க வருகிற ஆட்களுக்குக் குறைவில்லை. ஒருவர் போக ஒருவர் வருவார். பிஸ்கற் பெட்டிகள் அலுமாரிக்கு மேலே வீடு கட்டின. நோயாளியின் விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் சின்னக் கருவியை வந்த ஆட்கள் எல்லோரும் தங்கள் விரலில் மாட்டிப் பார்ப்பார்கள். பரீட்சை மறுமொழி வந்த மாதிரி விறாந்தை அமளிப்படும்.

"எனக்குத் தொண்ணூற்றெட்டு!"

"உமக்கு வராமல்? வேலை வெட்டி செய்தால்தானே குறையும்."

ஒரு பின்னேரம், பக்கத்து வீட்டுச் சந்திராக்கா அப்படி ஒரு கூட்டத்தோடு வந்திருந்தார். நான் ஒரு மூலையில் இருந்து அடுத்து என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். "அப்ப நாங்கள் வெளிக்கிடுவம்" என்று சந்திராக்கா எழும்பினார். யோகாக்காவும் எழும்பினார். கையை ஊன்றவில்லை. கதிரைப் பிடியைத் தொடவுமில்லை. தண்ணீருக்குள் அமிழ்த்திய பந்து மேலே வருகிற மாதிரி எழும்பி நின்றார்.

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எண்ணத் தொடங்கினேன்.

நீங்கள் இந்த ஊர் ஆட்கள், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீடுகளிலிருந்து யாரும் ஒரே தடவையில் போனதில்லை. வெளிக்கிடுவம் என்று எழும்புவார்கள். வீட்டுக்காரரும் எழும்புவார். அப்போதுதான் முக்கியமான கதை ஞாபகம் வரும். திரும்பக் கதிரையில் இருப்பார்கள். வீட்டுக்காரரும் இருப்பார். பிறகு எழும்பல். பிறகு வாசற்படியில் ஒரு கதை. பிறகு வேலிப் படலையில் ஒரு கதை. அது உள்ளே இருந்து கதைத்ததைவிட நீளம். அன்றைக்குச் சந்திராக்கா கோயில் திருவிழாவுக்காக ஒரு தடவை இருந்தார், மகளின் கலியாணப் பேச்சுக்காக இன்னொரு தடவை இருந்தார், கிணற்று மோட்டருக்காக மூன்றாவது தடவையும் இருந்தார். ஒவ்வொரு தடவையும் யோகாக்கா கூடவே எழும்பி, கூடவே இருந்தார். நான் தலைகீழாக நின்றும் செய்விக்க முடியாத பயிற்சி, என் கண் முன்னாலே, மூச்சிரைப்போடும் சிரிப்போடும் நடந்துகொண்டிருந்தது.

உங்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளி சோம்பேறி என்று உங்கள் மனம் தீர்ப்பு எழுதும். அதைக் கிழித்துப் போடுங்கள். தனக்காக ஓர் அடி எழும்பாத மனுஷி, இன்னொருவரின் மரியாதைக்காக மலையேறுவார். அவருடைய கால் எந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

சந்திராக்காவைப் படலைக்கு வெளியே பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நான் இன்னும் கனதரம் எழும்பி இருக்கோணுமோ?"

"இப்ப செய்தது காணும் அக்கா. அதை ஆறுதலாச் செய்யுங்கோ. அவ எழும்பி மூச்சு எடுத்து முடியுமட்டும் இருக்காதையுங்கோ."

"என்ரை முழங்கால் என்ன பாடு படுமெண்டு நினைச்சனீரோ?"

செய்தி பரவியது. ஊர் முழுக்க விடைபெறுவதில் பயிற்சி எடுத்தது. சிலர் அதில் பிறவிக் கலைஞர்கள். சிலருக்கு வரவேயில்லை. யாழ்ப்பாண ரவுணிலிருந்து மோட்டார் சைக்கிளில் புடவை கொண்டு வந்து விற்கும் ரபீக் நானா மிகவும் சிரமப்பட்டார்.

"மிஸ், எங்கட யாவாரமே எழும்பாமல் இருக்கிறதுதான். எழும்பினால் யாவாரம் முடிஞ்சுது. என்னைப் போய் எழும்பி எழும்பி இருக்கச் சொல்றீங்க."

ஆனாலும் எழும்பினார். எழும்பிய ஒவ்வொரு தடவையும் பழக்கதோஷத்தில் ஒரு சேலையை உதறிக் காட்டினார்.

ஓவசியர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். மெசினின் குழாய் விறாந்தை விளிம்போடு முடிந்துவிடும். படலை வரை போக முடியவில்லையே என்று யோகாக்கா அந்த விளிம்பில் நின்று தவிப்பார். பேரப்பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து நின்றபோது வாங்கிய பிள்ளை வண்டில் ஒன்று பரணில் கிடந்தது. ஓவசியர் அதை இறக்கி, அதற்குள் சின்ன ஒட்சிசன் சிலிண்டரைப் படுக்க வைத்து, வார் போட்டுக் கட்டினார். அன்றிலிருந்து விருந்தாளிகளைப் படலை வரை யோகாக்கா வழியனுப்பினார். பக்கத்தில் ஓவசியர் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனார். ஒழுங்கையால் போன ஒரு மனுஷி குழந்தையைக் கொஞ்ச வண்டிலுக்குள் குனிந்தார். பிறகு அதைப் பற்றி அவர் யாரிடமும் கதைத்ததாகத் தெரியவில்லை.

யோகாக்காவுக்கு இந்தச் சதி தெரியாது என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

"பிள்ளை," என்றார் ஒருநாள், தொடையை நான் அளந்துகொண்டிருக்கும்போது. "சந்திரா ஒரே மோட்டர்க் கதையை நாலாந்தரம் சொல்றாள். எனக்கு விளங்காதெண்டு நினைச்சியளோ?"

"அப்ப ஏனக்கா எழும்பிறியள்?"

"தெரிஞ்சால் என்ன? ஆக்கள் எழும்பி நிக்கேக்கை நான் குந்திக்கொண்டிருக்கிறதே?"

தொடை கொஞ்சம் இறுகியிருந்தது. நான் உள்ளுக்குள் துள்ளினேன்.

அதற்குப் பிறகுதான் இருமல் வந்தது.

அயலூரிலிருந்து வந்த ஒருவர் விறாந்தையில் இருந்து இருமினார். "அது கச்சான் கடலை புரைக்கேறினது" என்றார். கச்சான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, அவரிடமிருந்தது தொற்றியது. யோகாக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மெசினைக் கூட்டி வைத்தும் உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நல்ல காலம், மருந்துக்குக் கட்டுப்பட்டது. வீட்டுக்கு வந்த அன்றே ஓவசியர் படலைக்குப் பூட்டுப் போட்டார். வெளிநாட்டுச் சொந்தம் முழுவதும் தொலைபேசியில் ஒரே குரலில் கட்டளையிட்டது: கட்டிலை விட்டு இறங்கக்கூடாது, நிலத்தில் கால் படக்கூடாது. சாப்பாடு கட்டிலுக்குப் போனது. தொலைக்காட்சி கட்டிலுக்குப் போனது. யோகாக்காவின் கால்கள் போர்வைக்குக் கீழே சத்தமில்லாமல் கரையத் தொடங்கின.

சென்னையில் மறுபரிசோதனைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

படலையைத் திறந்தால் கிருமி வரும். பூட்டினால் கட்டில் தின்னும். இரண்டில் எது முதலில் கொல்லும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படியொரு நேரம் உங்களுக்கும் வரும். அப்போது எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் சுவரைப் பார்ப்பீர்கள். அன்றைக்கு நான் பார்த்த சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, நோயாளிக்குத் தேவைப்பட்டது விருந்தாளிகள் வருவதல்ல, அவர்கள் போவது மட்டும்தான் என்று திடீரென்று விளங்கியது. அவருடைய நெஞ்சு டொக்டரிடம் கேட்டேன். வெளிக்காற்று, முகக்கவசம், நல்ல இடைவெளி, இருமல் தடிமன் உள்ளவர் ஒழுங்கைக்குள்ளேயே வரக்கூடாது. இவ்வளவும் என்றால் சம்மதம் என்றார்.

வீட்டில் போய்ச் சொன்னேன். "இனி ஒருத்தரும் உள்ளுக்கு வரமாட்டினம். படலைக்கு வெளியிலை தள்ளி நிண்டு 'அப்ப போட்டு வாறம்' எண்டு மட்டும் சொல்லுவினம். நீங்கள் விறாந்தையிலையிருந்து எழும்பிப் போய் வழியனுப்பிப்போட்டு வந்து இருக்கோணும்."

யோகாக்கா கட்டிலில் நிமிர்ந்தார். "வராத ஆக்களை எப்பிடிப் பிள்ளை வழியனுப்பிறது?"

"வந்ததெண்டு வைச்சுக்கொள்ளுவம்," என்றார் ஓவசியர். அரசாங்க வேலை பார்த்தவருக்கு அது சிரமமாகத் தெரியவில்லை.

"தேத்தண்ணி?"

"குடிச்சதெண்டு வைச்சுக்கொள்ளுவம்."

"சீ, என்ன ஆக்கள் நீங்கள்," என்றார் யோகாக்கா. ஆனால் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டார்.

மறுநாள் சந்திராக்கா முகக்கவசத்தோடு படலைக்கு வெளியே நின்று, "அப்ப நான் போட்டு வாறன் யோகா!" என்று கத்தினார். யோகாக்கா நடுங்கிக்கொண்டு எழும்பினார். பாதித் தூரத்தில் நின்று மூச்செடுத்தார். படலைக்கு இப்பால் வந்து நின்று, "ஏன் அவசரப்படுறாய், கொஞ்சம் இருந்திட்டுப் போவன்" என்றார், முறைப்படி. இருப்பதற்கு ஒன்றுமில்லை. சந்திராக்கா போய்விட்டார். அடுத்தவர் வந்து போனார். வேலைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் வந்து போனார்கள். பள்ளிக்கூட ரீச்சர்மார் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடியே விடைபெற்றார்கள். ஒரு பெரியவர் தனக்கு யோகாக்காவைத் தெரியாது என்றும், எல்லோரும் விடைபெறுவதால் தானும் வந்ததாகவும் சொன்னார். அவருக்கும் முழு வழியனுப்பல் கிடைத்தது.

கால் திரும்பி வந்தது. நான் சொல்லாமலே அவர் பாதி வழியில் நிற்பதை விட்டார்.

சோளகக் காற்றுப் புழுதியை வாரி இறைக்கும் காலம் அது. வெயிலும் கொளுத்தியது. ஒழுங்கையில் விடைபெறுவதற்காக வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து, கதிரை வாடகைக்கு விடும் நேசனுக்கு மனம் பொறுக்கவில்லை. நல்ல மனுஷன். யாரும் கேட்காமலே உழவு இயந்திரப் பெட்டியில் பிளாஸ்ரிக் கதிரைகளைக் கொண்டுவந்து அடுக்கினார். மேலே ஒரு தகரக் கொட்டகையும் போட்டுவிட்டார்.

இப்போது நீங்கள் அந்த ஒழுங்கையால் சும்மா போகிற ஒருவராக உங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டு வாசலில் கொட்டகை. வரிசையாகக் கதிரைகள். அவற்றில் வாயை மூடிக்கொண்டு, வெயிலுக்கு முகம் சுளித்தபடி ஊர்ச் சனம். ஒவ்வொருவராக எழும்பிப் படலைக்குப் போய், ஒரு சொல் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு திரும்புகிறார்கள். அப்படிப் போன யாரோ ஒருவர் படம் எடுத்தார். முகநூலில் போட்டார். படத்துக்குக் கீழே ஒரு விளக்கும் ஏற்றிவிட்டார்.

பின்னேரம் கடப்பதற்குள் செய்தி பாரிசுக்கும் சூரிச்சுக்கும் போய், கனடாவில் விடிந்தபோது அங்கும் கண் விழித்தது. ஓவசியரின் தொலைபேசி ஓயவில்லை. நான் பக்கத்தில் நின்றேன்.

"ஓம்... ஓம்... இல்லை, அப்பிடியொண்டும் நடக்கேல்லை. நிக்கிறா. குசினிக்கை தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கிறா... இல்லையப்பா, நான் நல்ல அறிவோடைதான் கதைக்கிறன்... ஏன் அழுறாய்?"

அதிர்ச்சியில் மனுஷன் உளறுகிறார் என்று மறுமுனை முடிவு செய்திருந்தது. அவரைத் தனியே விட வேண்டாம் என்று அயலவருக்குத் தகவல் போனது. யோகாக்கா தொலைபேசியைப் பறித்தார்.

"எடி, நான்தான் கதைக்கிறன்!"

மறுமுனையில் அழுகை இரட்டிப்பானது. "குரல் அப்பிடியே அவவின்ரை குரல்... நீங்கள் ஆர், தங்கச்சியோ?"

யோகாக்கா தொலைபேசியைக் கணவரிடம் திருப்பிக் கொடுத்தார். "உவளுக்கு நான் செத்துப்போனன். நீங்களே கதையுங்கோ."

நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். அடுத்து வந்த அழைப்பில் சிரிப்பு நின்றது. சென்னையோடு கடிதப் போக்குவரத்தெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் கனடாவிலிருக்கும் மருமகன். பொறுப்பான பெடியன். செய்தி கேட்டு அழுதிருக்கிறான். அழுது முடித்ததும், காத்திருக்கும் இன்னொருவருக்கு இடம் கிடைக்கட்டும் என்று சென்னை ஆஸ்பத்திரிக்கு அறிவித்துவிட்டான். ஆஸ்பத்திரி ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து, பெயரை எடுத்துவிட்டது.

நான் சென்னைக்கு அழைத்தேன். வரிசையைப் பார்க்கும் பெண் மிகவும் மென்மையாகப் பேசினார்.

"மேடம், எங்க சிஸ்டத்துல அவங்க இறந்துட்டாங்க."

"இஞ்சை உயிரோடை இருக்கிறா. கூப்பிடட்டே?"

"உங்க உணர்வு புரியுது மேடம்."

"உணர்வில்லை பிள்ளை, ஆள் இருக்கிறா!"

கடைசியில் டொக்டர் தொலைபேசிக்கு வந்தார். நான் முழுக் கதையையும் சொன்னேன். விருந்தாளிகள், வராமல் போனது, கொட்டகை, எல்லாம். கொட்டகையை மட்டும் இரண்டாந்தரம் சொல்ல வைத்தார். பிறகு சொன்னார்: "சரி, உயிரோட இருக்காங்கன்னு ஒத்துக்கறேன். அது மட்டும் போதாது. எப்படியும் டெஸ்ட் வரப்போகுது. நாளைக்குக் காலைல வீடியோல நடக்கச் சொல்லுங்க. கை ஊனாம எந்திரிக்கணும், ஆறு நிமிஷம் நடக்கணும். மூச்சு வாங்கினா நின்னுக்கலாம். உட்காந்தா அதோட முடிஞ்சுது. பேரைத் திரும்பச் சேர்க்க மாட்டேன்."

எங்கே நடத்துவது? ஆஸ்பத்திரி நடைபாதை என்றால் எல்லா வசதியும் உண்டு. எல்லா இருமலும் உண்டு. நான் ஒழுங்கையைத் தேர்ந்தெடுத்தேன். ஓவசியர் விடியவே தன் அளவு நாடாவை எடுத்து, ஒழுங்கையை அளந்து, இரண்டு தொங்கலிலும் சுண்ணாம்பால் கோடு போட்டார். கோடு நேரில்லை என்று அழித்துத் திரும்பவும் போட்டார்.

ஊர் வேலியோரம் நின்றது. யாரும் விடைபெறக்கூடாது, யாரும் வாய் திறக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நான் ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்தேன். திரையில் டொக்டர். "எந்திரிக்கச் சொல்லுங்க" என்றார். யோகாக்கா இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டி, எழும்பினார். சந்திராக்கா வாய்க்குள் ஏதோ சொன்னது கேட்டது. நான் முறைத்தேன்.

யோகாக்கா நடந்தார். பக்கத்தில் ஓவசியர் வண்டிலைத் தள்ளினார். ஒரு கோட்டைத் தொட்டுத் திரும்பினார்கள். மற்றக் கோட்டைத் தொட்டுத் திரும்பினார்கள். மூன்று நிமிடம் வரை எல்லாம் ஒழுங்கு. பிறகு காற்றுக் கிளம்பியது. தோட்டத்துச் செம்மண் ஒரு பாய் மாதிரி எழும்பி வந்து ஒழுங்கையை மூடிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் இறங்கத் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்டே நடந்தேன். எண்பத்தாறு. எண்பத்துமூன்று. இதற்குக் கீழே நடக்க விடக்கூடாது. விட்டால் மூளைக்கும் இருதயத்துக்கும் ஆபத்து. நிறுத்தினால் நேரம் ஓடிக்கொண்டிருக்கும், தூரம் குறையும். அவருடைய கண் என்னைக் கேட்டது: விடன், போவன்.

"நில்லுங்கோ அக்கா," என்றேன். "இருக்காதையுங்கோ. நில்லுங்கோ."

நின்றார். ஒழுங்கையின் நடுவில், எதையும் பிடிக்காமல். தோள் ஏறி இறங்கியது.

அப்போதுதான் அந்தப் பயங்கரம் நடந்தது. மூச்சுத் திணறி ஒரு மனுஷி நிற்பதை எங்கள் ஊரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நேசன் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவரைக் கண்டு ரபீக் நானா ஒன்றைத் தூக்கினார். பிறகு எல்லோரும். வேலியின் இரண்டு பக்கத்திலிருந்தும் வெள்ளையும் நீலமும் சிவப்புமாகப் பிளாஸ்ரிக் கதிரைகள் பாய்ந்து வந்தன. யோகாக்காவுக்குப் பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, முன்னால் மூன்று. "இருங்கோ, இருங்கோ!" "கொஞ்சம் இரு யோகா, சாகப்போறியோ?" ஒருவர் கதிரையைத் தன் சால்வையால் துடைத்தும் விட்டார். அவ்வளவு அன்பும் சேர்ந்து அந்த மனுஷியின் கழுத்தில் கத்தி வைத்தது. முழங்கால் ஒரு சாண் மடங்கினால் எல்லாம் முடிந்துவிடும்.

"கதிரையளை எடுங்கோ!" நான் கத்திய கத்தலில் தொலைபேசி கையிலிருந்து நழுவப் பார்த்தது. "ஒருத்தரும் கிட்ட வராதையுங்கோ! தொடாதையுங்கோ!"

யாரும் எடுக்கவில்லை. கையில் கதிரையோடு, என்ன செய்வதென்று தெரியாமல் ஊர் உறைந்து நின்றது. திரையில் டொக்டர், "என்ன நடக்குது அங்க? உட்காந்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஓவசியர் வண்டிலின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மனைவியின் முழங்கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நீங்கள் படித்துத் தெரிந்திருப்பீர்கள்: தொடைத் தசை பலமாக இருந்தால், சுவாசப்பை தன்னை ஆற்றிக்கொள்ளும்வரை அது உடம்பைத் தாங்கி நிற்கும். படிக்கும்போது அது ஒரு வசனம். நான் அதை அந்த ஒழுங்கையில் கண்ணால் கண்டேன். கதிரைகளின் கூட்டத்துக்கு நடுவே, எந்தக் கதிரையையும் பார்க்காமல், யோகாக்கா நின்றார். முழங்கால் நடுங்கியது, மடங்கவில்லை. எண் எண்பத்துநான்கானது. எண்பத்தெட்டானது. அதுவரை இவ்வளவு மெதுவாக எதுவும் ஏறி நான் பார்த்ததில்லை. தொண்ணூறு.

"வழி விடுங்கோ," என்றார் யோகாக்கா.

முன்னால் இருந்த கதிரையை நேசன் இழுத்தார். அடுத்ததை ரபீக் நானா தூக்கினார். ஒவ்வொன்றாகக் கதிரைகள் பின்வாங்கின. யோகாக்கா ஒரு காலை முன்னால் வைத்தார். பிறகு மற்றதை.

நேரம் முடிந்தது என்று டொக்டர் சொன்னபோது, சுண்ணாம்புக் கோட்டுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது. நான் நிற்கச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. கோட்டை மிதித்துவிட்டுத்தான் நின்றார். டொக்டர் திரையை விட்டு முகத்தைத் திருப்பி, யாரிடமோ, "பேரைத் திரும்பப் போடுங்க" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஓடிப்போய் அதைச் சொன்னேன். மறுமொழி சொல்ல யோகாக்காவிடம் மூச்சில்லை. அவ்வளவு நேரமும் ஒருவரையும் பிடிக்காதவர், அப்போதுதான் என் தோளைப் பிடித்தார். நல்ல பாரம். என்னுடைய முழங்கால்கள் இரண்டும் மடங்கின.

"பிள்ளைக்கு ஒரு கதிரை போடுங்கோவன்," என்றார்.